ஏடும் படியும்: டி.என்.ஏ. தன்னைப் படியெடுக்கும் முறை

சென்ற பொங்கல் விழாவில் நம் மன்றத்தின் சார்பில் ஒரு சிறு கண்காட்சி வைத்தோம். கோலமும் கரும்பும் ஒருபுறம் இருக்க, ஒரு மூலையில் எனக்கும் ஒரு மேசை கிடைத்தது. அறிவியல் மாணவன் ஏதேனும் செய்து காட்டியே தீரவேண்டும் என்பது செயலாளரின் கட்டளை. நான் கொண்டு சென்ற பொருள்கள் நான்கே: ஒரு வாழைப்பழம், சிறிது உப்பு, பாத்திரம் துலக்கும் சோப்புநீர், நன்கு குளிர்ந்த ஆல்கஹால். பழத்தை மசித்து, உப்பும் சோப்பும் கலந்த நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அவ்வடிநீரின் மேல் ஆல்கஹாலை மெல்ல ஊற்றினேன். சிறிது நேரத்தில் இரண்டு நீர்மங்களும் கூடுமிடத்தில் வெண்மையான நூல் போன்றதொரு பொருள் திரண்டது. அதனை ஒரு குச்சியில் சுற்றி எடுத்து, "இதுதான் டி.என்.ஏ. வாழை வாழையாக இருப்பதற்கான செய்திகளெல்லாம் இதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன" என்று பெருமையோடு கூறினேன்.

கூட்டத்தில் சுவடியியல் ஆராயும் நண்பர் ஒருவர் நின்றிருந்தார். என்னிலும் மூத்தவர். குச்சியில் தொங்கிய வெண்ணூலை உற்றுப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, இதுவும் ஒரு நூல் என்கிறாய். அப்படியானால் இதைப் படியெடுப்பவர் யார்? ஏடு எழுதியவர்கள் செய்த பிழைகளோடு நான் மூன்று ஆண்டுகளாகப் போராடிக் கொண்டிருக்கிறேன். ஒரு சுவடியில் இருப்பது அடுத்த சுவடியில் இல்லை. உன் நூல் மட்டும் கோடி முறை படியெடுத்தும் எப்படிக் கெடாமல் இருக்கிறது?"

அன்று நான் சொன்ன விடை அவருக்கும் நிறைவளிக்கவில்லை; எனக்கும் நிறைவளிக்கவில்லை. பாடநூலின் ஆங்கிலச் சொற்களை விலக்கிவிட்டுப் பேசத் தொடங்கியபோதுதான், எனக்கு எவ்வளவு விளங்கவில்லை என்பது விளங்கிற்று. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

நான்கு எழுத்துகள்

நான் செய்து காட்டியது புதுமையன்று. 1869-ஆம் ஆண்டிலேயே பிரீட்ரிக் மீஷர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு இளைஞர் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் இதனைப் பிரித்தெடுத்தார். அவருக்குக் கிடைத்தது வாழைப்பழம் அன்று. மருத்துவமனையில் புண்களுக்குக் கட்டிய துணிகளில் ஊறிய சீழ். அதிலுள்ள வெள்ளணுக்களின் கருவிலிருந்து இப்பொருளைப் பெற்றார். ஆயினும் இதுவே மரபுப் பண்புகளைத் தாங்கி நிற்கும் பொருள் என்று தெரிய மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1944-இல் நியூயார்க் நகரில் ஆவெரி, மெக்லியாட், மெக்கார்ட்டி ஆகிய மூவரும் ஒரு வகைப் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து மற்றொரு வகைக்குள் செலுத்தினர். பெற்றுக்கொண்ட பாக்டீரியா முதல் வகையின் பண்பைப் பெற்றது. அதன் சந்ததியும் அப்பண்பைப் பெற்றது. மரபு என்பது ஒரு வேதிப்பொருளில் இருக்கிறது என்பது அன்று உறுதியாயிற்று.

அப்பொருளின் முழுப்பெயர் டியாக்சிரிபோ நியூக்ளிக் அமிலம். பெயர் நீளமே தவிர அமைப்பு எளியது. சர்க்கரை, பாஸ்பேட், சர்க்கரை, பாஸ்பேட் என்று மாறி மாறித் தொடுத்த ஒரு நீண்ட இழை. ஒவ்வொரு சர்க்கரையிலும் ஒரு காரப்பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். காரப்பொருள்கள் நான்கு வகை: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். இவையே இந்நூலின் எழுத்துகள். நம் தமிழுக்கு எழுத்துகள் 247. உயிரின் நெடுங்கணக்கில் நான்கே. சுருக்கமாக அ, தை, கு, சை என்று வைத்துக்கொள்வோம்.

எழுத்துகள் குறைவாயினும் நூல் சிறிதன்று. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ நாம் ஒவ்வொருவரும் பெறும் ஒரு தொகுதியில் ஏறத்தாழ 320 கோடி எழுத்துகள் உள்ளன. பக்கத்துக்கு மூவாயிரம் எழுத்து வீதம் அச்சிட்டால் பத்து லட்சம் பக்கங்களுக்கு மேல் வரும். இரு தொகுதிகளையும் சேர்த்து நீட்டினால் ஓர் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம். அது அடங்கியிருக்கும் கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அதில் ஆறேழு கூறுதான்.

இருபுரிக் கயிறு

இனி, இந்த இழை தனித்திருப்பதில்லை. இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றித் திருகிக் கிடக்கின்றன. ஒரு நூலேணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருபக்கக் கயிறுகள் சர்க்கரையும் பாஸ்பேட்டும். படிகள் காரப்பொருள் இணைகள். அந்த ஏணியை மேலும் கீழும் பிடித்து முறுக்கினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும் டி.என்.ஏ. அதன் தடிப்பு இரண்டு நானோமீட்டர். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி 0.34 நானோமீட்டர். ஏறத்தாழ பத்துப் படிகளுக்கு ஒருமுறை ஏணி முழுச் சுற்றுச் சுற்றுகிறது.

இதில் ஒரு சிறு விதியில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது. அ எதிரில் தை மட்டுமே நிற்கும். கு எதிரில் சை மட்டுமே நிற்கும். அடினைனும் குவானைனும் உருவில் பெரியவை. தைமினும் சைட்டோசினும் சிறியவை. பெரியது ஒன்றும் சிறியது ஒன்றும் சேர்ந்தால்தான் ஏணியின் அகலம் எங்கும் ஒன்றாக இருக்கும். அதிலும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சரியாகப் பொருந்துவது இந்த இரு ஜோடிகளுக்கே. எர்வின் சார்காஃப் என்னும் வேதியியலார் பல உயிர்களின் டி.என்.ஏ.வை அளந்து, எவ்வுயிரிலும் அ-வின் அளவும் தை-யின் அளவும் சமம், கு-வின் அளவும் சை-யின் அளவும் சமம் என்று 1950-ஆம் ஆண்டளவில் கண்டிருந்தார். மனிதனில் முதல் இரண்டும் நூற்றுக்கு முப்பது முப்பதாகவும், பின்னிரண்டும் இருபது இருபதாகவும் உள்ளன. ஏன் அப்படி என்பது அப்போது புதிராக இருந்தது. ஏணி தெரிந்தவுடன் புதிர் அவிழ்ந்தது.

ஏணியைக் கண்டவர்கள் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும். அவர்களுடைய கட்டுரை 1953 ஏப்ரல் 25-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அன்று வாட்சனுக்கு வயது இருபத்தைந்து. கிரிக் இன்னும் முனைவர் பட்டம் பெறாத மாணவர். ஆயினும் இவ்விருவரைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளின் என்னும் பெண்மணி, டி.என்.ஏ. இழைகளின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி மிகத் தெளிவான படங்களைப் பெற்றிருந்தார். அவற்றுள் 1952-இல் அவருடைய மாணவர் கோஸ்லிங் எடுத்த ஐம்பத்தொன்றாம் எண் படம் புகழ்பெற்றது. அதன் நடுவில் தெரியும் சிலுவை வடிவம் திருகு சுருளுக்கே உரிய அடையாளம். அப்படத்தை மாரிஸ் வில்கின்ஸ் 1953 ஜனவரியில் பிராங்க்ளின் அறியாமலே வாட்சனுக்குக் காட்டினார். பாஸ்பேட்டுகள் உட்புறம் அல்ல, வெளிப்புறமே இருக்கவேண்டும் என்பதையும் பிராங்க்ளின் முன்னரே சொல்லியிருந்தார். 1962-இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றபோது அவர் உயிரோடு இல்லை. 1958 ஏப்ரலில், முப்பத்தேழாம் வயதில் மறைந்துவிட்டார். ஏடு எழுதியவர் பெயர் ஏட்டில் விடுபட்டுப் போவது சுவடிகளில் மட்டும் நிகழ்வதன்று.

மூன்று வழிகள், ஒரு சோதனை

இப்போது நண்பரின் வினாவுக்கு வருவோம். ஓலைச்சுவடியைப் படியெடுப்பவர் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதுகிறார். மூலம் ஓரிடம், படி ஓரிடம். டி.என்.ஏ.வில் அப்படியன்று. இரண்டு இழைகளும் பிரிகின்றன. ஒவ்வோர் இழையும் தானே அச்சாக நிற்கிறது. அதன் அ எதிரில் ஒரு தை வந்து சேரும். கு எதிரில் ஒரு சை வந்து சேரும். முடிவில் இரண்டு ஏணிகள். ஒவ்வொன்றிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது.

இது அழகான கருத்து. ஆனால் அழகாக இருப்பது உண்மையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. 1953-க்குப் பிறகு அறிஞர்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பழைய ஏணி அப்படியே இருக்க, முற்றிலும் புதிய ஏணி ஒன்று தோன்றலாம். இரண்டாவது, நான் மேலே சொன்னபடி பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் இருக்கலாம். மூன்றாவது, பழைய இழைகள் துண்டு துண்டாகி, இரண்டு ஏணிகளிலும் பழையதும் புதியதும் விரவிக் கிடக்கலாம். எது உண்மை? கண்ணால் பார்க்க முடியாத ஒன்றில் பழையதைப் புதியதிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

மெசல்சன், ஸ்டால் என்னும் இருவர், இருபதுகளில் இருந்த இளைஞர்கள், கலிபோர்னியாவில் இதற்கு ஒரு வழி கண்டனர். சாதாரண நைட்ரஜனின் எடை 14. அதற்கு 15 எடையுள்ள ஒரு மூத்த உடன்பிறப்பு உண்டு. வேதிக்குணம் ஒன்றே, எடைதான் வேறு. குடலில் வாழும் எஸ்செரிசியா கோலை என்னும் பாக்டீரியாவைக் கனத்த நைட்ரஜன் மட்டுமே உள்ள உணவில் பல தலைமுறை வளர்த்தனர். அதன் டி.என்.ஏ. முழுவதும் கனத்ததாயிற்று. பின்னர் ஒரே நொடியில் உணவை மாற்றி, இலேசான நைட்ரஜனைக் கொடுத்தனர். அது முதல் தோன்றும் புதிய இழையெல்லாம் இலேசாகத்தான் இருக்கவேண்டும். இதைவிட எளிய அடையாளம் வேறென்ன வேண்டும்!

அடர்ந்த சீசியம் குளோரைடு கரைசலில் டி.என்.ஏ.வை இட்டு, மையவிலக்குக் கருவியில் நிமிடத்துக்கு 44,000 சுற்றுகளுக்கு மேல், ஏறத்தாழ இருபது மணி நேரம் சுழற்றினர். கரைசல் மேலே நெகிழ்ந்தும் கீழே அடர்ந்தும் அமையும். ஒவ்வொரு வகை டி.என்.ஏ.வும் தன் அடர்த்திக்கு ஏற்ற இடத்தில் ஒரு பட்டையாக நின்றுவிடும்.

ஒரு தலைமுறை கழித்துப் பார்த்தனர். பட்டை ஒன்றே இருந்தது. அது கனத்த இடத்திலும் இல்லை, இலேசான இடத்திலும் இல்லை, நட்ட நடுவில் நின்றது. முதல் வழி உண்மையாயின் கனத்தது ஒன்றும் இலேசானது ஒன்றுமாக இரு பட்டைகள் தெரிந்திருக்கவேண்டும். ஆகவே அது வீழ்ந்தது. இரண்டாம் தலைமுறையில் இரண்டு பட்டைகள் தோன்றின: பாதி நடுவில், பாதி இலேசான இடத்தில். மூன்றாம் வழி உண்மையாயின் எல்லாம் ஒரே கலவையாக, நடுவுக்கும் இலேசுக்கும் இடையில் ஒரே பட்டையாக நின்றிருக்கும். ஆகவே அதுவும் வீழ்ந்தது. எஞ்சியது இரண்டாம் வழி. 1958-இல் வெளிவந்த இச்சோதனையை நான் முதன்முதலில் படித்த இரவு, விடுதி அறையில் காகிதத்தில் பட்டைகளை வரைந்து வரைந்து பார்த்தேன். ஒவ்வொரு முடிவும் எதிரியின் வாயை அடைக்கும் வழக்காடலைப் போல அத்துணை நேர்த்தியாக இருந்தது.

முறுக்கை அவிழ்ப்பது யார்?

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சிற்று. தென்னங்கயிற்றின் இரண்டு புரிகளைப் பிடித்து இருபுறமும் இழுத்துப் பாருங்கள். பிரிந்த பகுதி நெகிழும். முன்னே உள்ள பகுதியில் முறுக்கு ஏறி ஏறி, முடிவில் கயிறு முண்டு முண்டாகச் சுருண்டுகொள்ளும். டி.என்.ஏ.வுக்கும் இதே இடர் உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ. ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு வட்டம். ஓரிடத்தில் தொடங்கி, இருபுறமும் நொடிக்குச் சுமார் ஆயிரம் எழுத்து வீதம் படியெடுப்பு நடக்கிறது. பத்தரை எழுத்துக்கு ஒரு சுற்று என்று கொண்டால், ஒவ்வொரு பக்கத்திலும் நொடிக்கு 95 முறுக்குகள் அவிழவேண்டும், நிமிடத்துக்கு 5,700. நம் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளே சுற்றுகிறது! மேக்ஸ் டெல்பிரூக் என்னும் பேரறிஞர் இந்த இடரை எண்ணியே, இழைகள் முழுமையாகப் பிரிவது அரிது, அவை அறுந்து அறுந்துதான் ஒட்டவேண்டும் என்று 1954-இல் கருதினார். மேலே சொன்ன மூன்றாம் வழி அவருடைய கருத்திலிருந்து பிறந்ததே.

நம் நாட்டிலும் இந்த ஐயத்தைத் துணிந்து எழுப்பியவர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனோடும் சி. இராமகிருஷ்ணனோடும் சேர்ந்து, 1963-இல் புரதங்களின் அமைப்பை ஆராய உதவும் புகழ்பெற்ற வரைபடத்தை உருவாக்கியவர் வி. சசிசேகரன். பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தபோது, அவரும் அவருடைய குழுவினரும் 1970-களின் பிற்பகுதியில் ஒரு மாற்று அமைப்பை முன்வைத்தனர். இரண்டு இழைகளும் ஒன்றையொன்று சுற்றாமல், சிறிது வலமும் சிறிது இடமுமாக வளைந்து அருகருகே செல்லலாம்; அப்படியாயின் அவிழ்க்கும் இடரே இல்லை என்பது அக்கருத்து. நியூசிலாந்திலும் ஒரு குழுவினர் அதே காலத்தில் இத்தகைய கருத்தை வெளியிட்டனர். உலகமே ஒப்புக்கொண்டுவிட்ட ஒன்றைக் கேள்வி கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். அக்கேள்வியைக் கிரிக்கே மதித்து, 1979-இல் வாங், பாயர் ஆகியோரோடு சேர்ந்து விரிவான மறுமொழி எழுதினார். அடுத்த ஆண்டு டி.என்.ஏ. படிகத்தின் எக்ஸ் கதிர் ஆய்வும் வலப்புறமாகத் திருகிய இருபுரிச் சுருளையே காட்டிற்று. மாற்றுக் கருத்து நிலைபெறவில்லை. ஆனால் அது வீணும் அன்று. இருபுரி என்பது நம்பிக்கையாக இருந்த நிலை போய், நிறுவப்பட்ட உண்மையாயிற்று.

அப்படியானால் முறுக்கை அவிழ்ப்பது யார்? அதற்கென்றே நொதிகள் இருக்கின்றன. டோப்போ ஐசோமரேஸ் என்பது அவற்றின் பெயர். அதன் முதல் வகையை 1971-இல் ஜேம்ஸ் வாங் கண்டறிந்தார். இந்நொதி இழையை ஓரிடத்தில் அறுக்கும். அறுந்த நுனியை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளும். முறுக்கு தணிந்ததும் மீண்டும் ஒட்டிவிடும். டெல்பிரூக் சொன்ன அறுதலும் ஒட்டுதலும் உண்மையில் நிகழ்கின்றன. ஆனால் எழுத்து ஒன்றும் இடம் மாறுவதில்லை. நம்முள் பலர் வயிற்றுக் கோளாறுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ மருத்துவர் எழுதித் தர, சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் மாத்திரை உண்டிருப்போம். அது பாக்டீரியாவின் இந்த நொதியையே தாக்குகிறது. அறுத்த இடத்தை ஒட்டவிடாமல் தடுக்கிறது. அறுந்த நூலோடு பாக்டீரியா மடிகிறது.

இடமிருந்து வலமாக மட்டும்

இழைகள் பிரிந்தபின் எழுத்துகளைக் கோப்பது டி.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி. 1956-இல் ஆர்தர் கார்ன்பெர்க் இதனைக் கண்டறிந்து, 1959-இல் நோபல் பரிசு பெற்றார். இந்த எழுத்தருக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஒரே திசையில்தான் எழுதுவார். ஆனால் ஏணியின் இரு இழைகளும், எதிரெதிரே செல்லும் இரு தண்டவாளப் பாதைகள் போல, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அமைந்தவை. ஓர் இழையில் எழுத்தர் பிரியும் முனையை நோக்கி இடையறாது எழுதிச் செல்லலாம். மற்றதில் என்ன செய்வது?

இடமிருந்து வலமாக மட்டுமே எழுதத் தெரிந்த ஒருவரிடம், வலக்கோடியிலிருந்து விரியும் ஒரு சுருளைக் கொடுத்தால் என்ன செய்வார்? சிறிது விரியும் வரை காத்திருப்பார். விரிந்த பகுதியை இடமிருந்து வலமாக எழுதுவார். மேலும் விரிந்தபின் பின்னால் தாவி, அடுத்த துண்டை எழுதி, முன் எழுதியதோடு சேர்ப்பார். டி.என்.ஏ.வின் இரண்டாம் இழையிலும் இவ்வாறே நிகழ்கிறது. துண்டுகளை ஒட்டுவது லிகேஸ் என்னும் வேறொரு நொதி.

இதனை 1960-களில் கண்டறிந்தவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெய்ஜி ஒகாசாகி, சுனேகோ ஒகாசாகி என்னும் கணவனும் மனைவியும். அத்துண்டுகளுக்கு இன்றும் ஒகாசாகி துண்டுகள் என்றே பெயர். ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945-இல் அந்நகரின் மீது அணுகுண்டு வீழ்ந்தபோது பதினான்கு வயதுச் சிறுவன், கதிர்வீச்சுக்கு ஆளானான். கதிர்வீச்சு டி.என்.ஏ. இழைகளை அறுக்கவல்லது. 1975-இல், நாற்பத்து நான்காம் வயதில், இரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. சுனேகோ அம்மையார் ஆய்வைத் தொடர்ந்து நடத்தினார். அறுந்த துண்டுகள் எங்ஙனம் சேர்கின்றன என்று உலகுக்குச் சொன்னவருக்கு நேர்ந்த முடிவு இது. இப்பாடத்தை வகுப்பில் கேட்கும்போது இச்செய்தியை எவரும் சொல்வதில்லை. நானும் பின்னரே அறிந்தேன்.

மூன்று சரிபார்ப்புகள்

படியெடுப்பின் வேகம் மனிதனில் குறைவு. ஒரு முனையில் நொடிக்கு ஐம்பது எழுத்து அளவில்தான். நம்முடைய முதல் குரோமோசோமில் மட்டும் ஏறத்தாழ 25 கோடி எழுத்துகள். ஓரிடத்தில் தொடங்கி இருபுறமும் சென்றால் முடிக்க ஒரு மாதம் ஆகும். ஆனால் ஒரே நேரத்தில் பல்லாயிரம் இடங்களில் எழுத்து வேலை தொடங்கப்படுவதால், எல்லாம் எட்டு மணி நேர அளவில் முடிந்துவிடுகிறது. அவ்வளவு எழுத்தர்கள், அவ்வளவு விரைவு, பிழை நேராதா?

நேரும். சரியான எழுத்தைத் தேர்வதில் பாலிமரேஸ் லட்சத்துக்கு ஒரு பிழை என்ற அளவில் தவறும். இது முதல் நிலை. உயிரணு ஒருமுறை பிரிய 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளைப் படியெடுக்கவேண்டும். லட்சத்துக்கு ஒன்று என்றால் அறுபதாயிரம் பிழைகள். இதைத் தாங்கி உயிர் நிலைக்காது. ஆகவே இரண்டாம் நிலை ஒன்று உண்டு. எழுத்து பொருந்தாவிடில் ஏணியின் அகலம் கோணும். நொதி அதனை உணர்ந்து, ஓரடி பின்வாங்கி, தவறான எழுத்தை வெட்டிவிட்டு மீண்டும் எழுதும். இதனால் பிழை நூறில் ஒரு பங்காகக் குறைகிறது, அறுபதாயிரம் அறுநூறாகிறது.

மூன்றாம் நிலைதான் என் நண்பருக்கு மிகவும் பிடித்தது. எழுதி முடித்தபின் வேறொரு கூட்டம் நொதிகள் நூல் முழுவதையும் தடவிப் பார்த்து, பொருந்தாத இணைகளைத் தேடுகின்றன. அ எதிரில் சை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எது பிழை? அ-வா, சை-யா? எந்த இழை மூலம், எந்த இழை படி என்று தெரிந்தாலன்றித் திருத்த முடியாது. சுவடியாராய்ச்சியின் முதற் கேள்வியும் இதுவன்றோ! கோலை பாக்டீரியாவில் பழைய இழையின் குறிப்பிட்ட எழுத்துகளின் மீது மெத்தில் என்னும் சிறு குறி இடப்பட்டிருக்கும். புதிய இழைக்கு அக்குறி இடச் சிறிது நேரமாகும். அந்த இடைவேளையில், குறியில்லாத இழையே படி என்று அறிந்து, அதனைத் திருத்திவிடுகின்றன. நம் உயிரணுக்களில் அடையாளம் வேறு, பணி ஒன்றே. இவ்வாறு, நூறு கோடி எழுத்துக்கு ஒன்று அல்லது அதனினும் குறைவு என்ற அளவுக்குப் பிழை சுருங்கிவிடுகிறது. இத்திருத்தப் பணியை விளக்கிய பால் மோட்ரிச், லிண்டால், சஞ்சார் ஆகியோரோடு 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தத் திருத்துநரே பழுதுபட்டுப் பிறக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி.

பிழையும் பாடபேதமும்

எல்லாச் சரிபார்ப்பையும் கடந்து சில பிழைகள் எஞ்சுகின்றன. ஒவ்வொரு குழந்தையும், பெற்றோர் இருவரிடமும் இல்லாத அறுபது எழுபது புதிய எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறது. அவற்றுள் மிகப் பல எத்தீங்கும் செய்வதில்லை. ஆனால் ஓர் எழுத்தே வாழ்வைப் புரட்டிவிடுவதும் உண்டு.

இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு புரதச் சங்கிலி 146 கண்ணிகள் கொண்டது. அதன் ஆறாம் கண்ணிக்குரிய இடத்தில் ஓர் அ, தை-யாக மாறிவிட்டால் புரதம் மாறுகிறது. சிவப்பணு வட்டம் குலைந்து அரிவாள் போல வளைகிறது. வளைந்த அணுக்கள் சிறு குழாய்களை அடைக்கின்றன, தாங்க முடியாத வலி, சோகை. இதுவே அரிவாளணுச் சோகை. தென்னிந்தியாவில் இவ்வெழுத்து மாற்றம் இருப்பதை 1952-ஆம் ஆண்டிலேயே நீலகிரிப் பழங்குடி மக்களிடையே கண்டனர். மத்திய இந்தியாவின் பழங்குடி மக்களிடமும் இது மிகுதி. இதனை ஒழிப்பதற்கென இந்திய அரசு 2023 ஜூலையில் ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறது.

இந்த மாற்றம் ஏன் மறையவில்லை? ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் இதனைப் பெற்றவருக்குப் பெரும்பாலும் நோய் இல்லை. மாறாக, கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு காப்புக் கிடைக்கிறது. கொசுக்கள் மிகுந்த காடுகளில் இப்பிழையே கேடயமாயிற்று. இரு பெற்றோரும் இதைத் தாங்கியவராயின், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. எனவே இதனைப் பிழை என்பதா, பாடபேதம் என்பதா? சூழலைப் பொறுத்தது.

இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குடும்பத்தில் மரபுநோயோடு ஒரு குழந்தை பிறந்தால் சாபம் என்பர், முன்வினை என்பர், பெரும்பாலும் மருமகளின் குலத்தைப் பழிப்பர். பழி எவருக்கும் உரியதன்று. 600 கோடி எழுத்தில் எங்கோ, என்றோ, எவருடைய முன்னோரிடமோ ஓரெழுத்து மாறிற்று. அவ்வளவே. மணத்துக்கு முன் ஓர் எளிய இரத்தச் சோதனை செய்துகொள்வது, நூறு பரிகாரங்களை விட மேலானது. குலம், இரத்தத் தூய்மை என்று பேசுவோருக்கும் ஒரு செய்தி: உலகில் எந்த இரு மனிதரை எடுத்துக்கொண்டாலும், ஒத்த இடங்களில் ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ ஓரெழுத்துத்தான் வேறுபாடு.

நண்பரின் வினாவுக்கு இப்போது விடை சொல்லலாம். படியெடுக்கும்போது கெடாமல் இருக்கிறதா என்றால், கெடுகிறது. ஆனால் தேர்ந்தெழுதி, திரும்பிப் பார்த்துத் திருத்தி, எழுதி முடித்தபின் மூலத்தோடு ஒப்பிட்டு மீண்டும் திருத்துவதால் மிக மிகக் குறைவாகவே கெடுகிறது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளை வைத்து ஒப்பிட்டுச் செய்த வேலையை, நம் ஒவ்வோர் உயிரணுவும் பிரியும்போதெல்லாம் செய்கிறது.

இக்கட்டுரையின் கைப்படியை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த நண்பரிடமே காட்டினேன். எழுதும்போதே சில பிழைகளை நான் திருத்தியிருந்தேன். அவர் படித்துவிட்டு மேலும் இரண்டு எழுத்துப் பிழைகளையும் ஒரு சந்திப் பிழையையும் சுட்டினார். "அண்ணா, இரண்டு நிலைகள் முடிந்தன" என்றேன். சிரித்தார். மூன்றாம் நிலைச் சரிபார்ப்பு இதழைப் படிக்கும் உங்களுடையது. பிழை கண்டால் மன்ற அறையில் வந்து சொல்லுங்கள். அடுத்த படியில் திருத்திவிடுகிறேன்.